நின்றுபோன வலைப்பதிவுக்குத் திரும்புவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழில் வலைப்பதிவுகள் 2003ஆம் ஆண்டையொட்டிப் பெருகத் தொடங்கின. 2004இல் காசி ஆறுமுகம் தமிழ்மணம் திரட்டியைத் தொடங்கியபோது, உலகின் பல மூலைகளில் எழுதிக்கொண்டிருந்தவர்களின் பதிவுகள் ஒரே பக்கத்தில் வரிசையாகத் தெரிந்தன. அன்று வாரம் நான்கு பதிவுகள் எழுதியவர்களில் பலர் பிறகு முகநூலுக்கும் ட்விட்டருக்கும் சென்றார்கள். சிலருக்கு வேலையும் குடும்பமும் நேரத்தை எடுத்துக்கொண்டன. நானும் 2013இல் நிறுத்தி, ஆறு ஆண்டுகள் கழித்துத் திரும்பினேன். அதன்பின் நண்பர்கள் சிலருடன் உட்கார்ந்து அவர்களுடைய பழைய பதிவுகளையும் திறந்து சரிசெய்திருக்கிறேன். அப்போதெல்லாம் அவர்கள் கேட்ட கேள்விகளே இங்கே உள்ளன.

பழைய வலைப்பதிவையே தொடர்வதா, புதிய முகவரியில் தொடங்குவதா?

பழையதையே தொடருங்கள். திரும்பி வருபவர்களில் பெரும்பாலோர் புது வீடு கட்டிக் குடியேறுவதைப் போல ஒரு புதிய பெயரையும் புதிய வார்ப்புருவையும் (பக்கத்தின் தோற்ற அமைப்பு) தேடுகிறார்கள். பெயரைத் தேர்ந்தெடுக்க ஒரு வாரமும், வார்ப்புருவைச் செதுக்க இரண்டு வாரமும் செலவாகி, மூன்றாவது பதிவுக்குள் அந்த உற்சாகம் தீர்ந்துவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பழைய முகவரிக்கு நீங்கள் அறியாத மதிப்பு ஒன்று இருக்கிறது. தமிழில் இன்னும் எத்தனையோ பொருள்களைப் பற்றி ஒரே ஒரு பக்கம்தான் இணையத்தில் இருக்கிறது. ஓர் ஊர்க் குளத்தைப் பற்றியோ, வழக்கொழிந்த ஒரு விளையாட்டைப் பற்றியோ 2008இல் நீங்கள் எழுதிய பதிவே அந்த ஒரு பக்கமாக இருக்கலாம். தமிழ் விக்கிப்பீடியாவின் அடிக்குறிப்புகளிலும் பிறருடைய பதிவுகளிலும் அதற்கான சுட்டிகள் இருக்கக்கூடும். நீங்கள் எழுதாமல் இருந்த ஆண்டுகளிலும் தேடுபொறி வழியாக ஒருவர், இருவராக வாசகர்கள் அங்கே வந்துகொண்டுதான் இருந்திருப்பார்கள். கூகுளின் இலவச வலைப்பதிவுச் சேவையான பிளாகரின் புள்ளிவிவரப் பக்கத்தைத் திறந்தால் எந்தப் பதிவு இன்றும் படிக்கப்படுகிறது என்பது தெரியும். அது பெரும்பாலும் நீங்கள் பெருமைப்பட்ட பதிவாக இருக்காது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பிளாகரில் தலைப்பை முழுக்கத் தமிழில் இட்டவர்களின் பதிவு முகவரிகள் ‘பிளாக்-போஸ்ட்_12’ என்பது போல வெறும் எண்களுடன் அமைந்திருக்கும். தலைப்பிலுள்ள ஆங்கில எழுத்துகளை மட்டுமே அது முகவரிக்கு எடுத்துக்கொண்டதே காரணம். மற்றொரு வலைப்பதிவுச் சேவையான வேர்ட்பிரஸ்ஸில் தமிழ் முகவரியை நகலெடுத்து ஒட்டினால் விழுக்காட்டுக் குறிகளின் நீண்ட வால் ஒன்று வந்து நிற்கும்; தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் அங்கே ஒன்பது இடங்கள் செலவாவதால், நீளமான தலைப்புகள் முகவரியில் பாதியிலேயே வெட்டுப்பட்டிருக்கும். இவை கண்ணுக்கு அழகாக இல்லைதான். ஆனாலும் பழைய பதிவுகளின் முகவரிகளைத் திருத்தப் போகாதீர்கள். முகவரி மாறினால் வெளியிலிருந்து வரும் சுட்டிகள் அறுந்துபோகும். புதிய பதிவுகளுக்கு மட்டும் வெளியிடும் முன்பே முகவரியை நீங்களாக அமைத்துக்கொள்ளுங்கள்.

புதிய முகவரி நியாயமாகத் தேவைப்படும் சூழல்களும் உண்டு. புனைபெயரில் எழுதியவர் இப்போது சொந்தப் பெயரில் எழுத விரும்பலாம். பழைய பதிவுகளில் குழந்தைகளின் படங்களும் வீட்டு விவரங்களும் அளவுக்கு மீறி இருக்கலாம். அப்படியானால் மாறுங்கள், பழைய இடத்தின் முகப்பில் புதிய முகவரியைத் தருவது உங்கள் விருப்பத்தைப் பொறுத்தது.

கடவுச்சொல் மறந்துவிட்டது, அன்றைய மின்னஞ்சலும் இப்போது இல்லை. என்ன செய்வது?

முதலில் எந்த மின்னஞ்சலில் தொடங்கினீர்கள் என்பதை உறுதிசெய்யுங்கள். பைரா லேப்ஸ் 1999இல் தொடங்கிய பிளாகரைக் கூகுள் 2003இல் வாங்கியது. அதன் பிறகும் சில ஆண்டுகள் பிளாகருக்குத் தனிக் கணக்குகளே இருந்தன. ஆகவே மிகப் பழைய பதிவர்கள் தங்கள் ஜிமெயிலை மட்டும் முயன்றுபார்த்துவிட்டு, ‘பதிவு காணவில்லை’ என்று முடிவுகட்டக் கூடாது. அன்று வைத்திருந்த யாஹூ, ரீடிஃப், ஹாட்மெயில் முகவரிகளையெல்லாம் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றாக மீட்புப் பக்கத்தில் இட்டுப் பாருங்கள். கூட்டுப்பதிவாக நடத்தியிருந்தால் மற்ற உறுப்பினர் ஒருவருக்கு நிர்வாக உரிமை இருக்கலாம். அவர் உங்களை மீண்டும் அழைத்துச் சேர்க்க முடியும்.

மீட்புக்குக் கொடுத்த கைபேசி எண் இப்போது வேறொருவரிடம் இருந்தால், உள்ளே நுழைந்தவுடன் செய்யவேண்டிய முதல் வேலை அதை மாற்றுவதுதான். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கக்கூடும் என்று கூகுள் 2023 மே மாதம் அறிவித்து, அந்த ஆண்டின் டிசம்பரிலிருந்து அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. எழுதும் எண்ணம் இப்போதைக்கு இல்லாவிட்டாலும் இன்றே ஒருமுறை உள்நுழைந்துவிடுங்கள்.

உள்ளே நுழைந்துவிட்டேன். முதல் வேலை என்ன?

காப்புநகல் எடுப்பது. பிளாகரின் அமைப்புகள் பகுதியிலும் வேர்ட்பிரஸ்ஸின் கருவிகள் பகுதியிலும் இதற்கான வசதி இருக்கிறது. கிடைக்கும் எக்ஸ்.எம்.எல் கோப்பில் பதிவுகளும் பின்னூட்டங்களும் இருக்கும்; படங்கள் இருக்கமாட்டா, அவற்றின் முகவரிகள் மட்டுமே இருக்கும். படங்களைத் தனியே இறக்கிக்கொள்ள வேண்டும். இந்தக் கோப்பு கைக்கு வரும்வரை பழைய பதிவு எதிலும் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றாதீர்கள்.

பழைய பதிவுகள் சில வெறும் கட்டங்களாகவும் புரியாத எழுத்துகளாகவும் தெரிகின்றனவே?

இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்த நிலையைக் கண்டு மனம் தளர்ந்து, பதிவையே மூடிவிட்டவர்கள் இருக்கிறார்கள். உங்கள் எழுத்து அழிந்துவிடவில்லை. அது வேறு குறியாக்கத்தில், அதாவது எழுத்துகளுக்கு எண் தரும் வேறொரு முறையில் இருக்கிறது, அவ்வளவுதான்.

இன்றைய பொதுக் குறியாக்கமான ஒருங்குறியில் (யூனிகோட்) தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்துவிட்டது என்றாலும், வீட்டுக் கணினிகளில் அது ஒழுங்காகத் தெரியப் பல ஆண்டுகள் ஆயின. அந்த இடைக்காலத்தில் சிலர் திஸ்கி குறியாக்கத்தில் எழுதினார்கள். சிலர் டாப், டாம் எழுத்துருக்களைப் பயன்படுத்தினார்கள். இலங்கையிலும் புலம்பெயர்ந்த ஈழத்தமிழரிடையிலும் பாமினி பரவலாக இருந்தது. பாமினியில் எழுதியது அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் கோவையாகத் தெரியும். இந்த எழுத்துருக்கள் ஒவ்வொன்றையும் ஒருங்குறிக்கு மாற்றும் எழுத்துருமாற்றிகள் இன்றும் இலவசமாகக் கிடைக்கின்றன. என்.எச்.எம் கன்வெர்ட்டர் போன்றவற்றை அந்நாள் பதிவர்கள் அறிவார்கள்.

மாற்றிய பிறகு மூன்று இடங்களைக் கூர்ந்து பாருங்கள். முதலாவது ‘கொ’, ‘கோ’ போன்ற எழுத்துகள். பழைய எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே, அதாவது கொம்பு, ககரம், கால் என்று தட்டச்சு செய்தோம். ஒருங்குறியிலோ ககரம் முன்னே வந்து, உயிர்க்குறி அதன் பின்னே ஒரே குறியீடாகச் சேர்கிறது. அரைகுறையாக மாற்றப்பட்ட பதிவில் கொம்பும் காலும் தனித்தனியாக நின்றுவிடும். பார்வைக்குச் சரியாகத் தெரிந்தாலும், ‘கொத்தமல்லி’ என்று தேடும்போது அந்தப் பதிவு அகப்படாமல் போகக்கூடும். இரண்டாவது ஔகாரம். ‘கௌரி’ என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகரமும் தனித்தனியே சேர்ந்திருக்கும். வெறுங்கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. மூன்றாவது ‘ஸ்ரீ’. இதை ஒருங்குறியில் இரண்டு விதமாக எழுத முடியும் என்பதால், பெயர்களைத் தேடும்போது பாதிதான் கிடைக்கும். ஒரு பதிவை மாற்றி, இந்த மூன்றையும் சரிபார்த்த பிறகே அடுத்த பதிவுக்குப் போங்கள். முந்நூறு பதிவுகளையும் ஒரே மூச்சில் மாற்ற முயல வேண்டாம்.

படங்கள் காணாமல் போயிருக்கின்றன, சுட்டிகள் செயல்படவில்லை.

படங்களை வேறொரு தளத்தில் ஏற்றிப் பதிவில் இணைத்தவர்களுக்கே இந்த இழப்பு மிகுதி. ஃபோட்டோபக்கெட் 2017இல் இலவசக் கணக்குகளின் படங்கள் பிற தளங்களில் தெரிவதை நிறுத்தியது. ஜியோசிட்டீஸ் 2009இலும் போஸ்டரஸ் 2013இலும் மூடப்பட்டன. ஃப்ளாஷ் ஆதரவு 2020 இறுதியோடு முடிந்ததால் பழைய ஒலிப்பெட்டிகளும் ஊமையாயின. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் உங்கள் பதிவின் முகவரியை இட்டுப் பாருங்கள். நீங்கள் எழுதிய ஆண்டின் நகல் அங்கே இருந்தால் சில படங்களாவது மீளும். செத்த சுட்டிக்குப் பதிலாக அந்த நகலின் சுட்டியையும் தரலாம். அன்று மறுமொழியாடிய பதிவர் இப்போது எழுதுவதில்லை என்றாலும், அவருடைய பெயரையும் பதிவின் தலைப்பையும் நீக்கிவிடாதீர்கள். உரையாடலில் இன்னொருவரும் இருந்தார் என்பதற்கு அது மட்டுமே சான்று.

இத்தனை நாள் எழுதாததற்கு விளக்கம் சொல்ல வேண்டுமா?

ஒரு வரி போதும். ‘மீண்டும் வந்துவிட்டேன்’ என்று தனிப்பதிவு எழுதி, அடுத்தடுத்து எழுதப்போகும் தொடர்களை அறிவித்துவிட்டு, அதன்பின் ஓராண்டு மௌனமாகிவிட்ட பதிவுகள் எத்தனையோ உள்ளன. அறிவிப்பு எழுதும் மாலைப்பொழுதில் அந்தத் தொடரின் முதல் பகுதியையே எழுதிவிடலாம்.

அன்று எழுதியவற்றில் சில இப்போது எனக்கே உடன்பாடில்லை. நீக்கிவிடலாமா?

பிறரைப் புண்படுத்துவதும், தவறான மருத்துவக் குறிப்பும், அடுத்தவரின் அந்தரங்கமும் இருந்தால் தயங்காமல் நீக்குங்கள். வெறுமனே முதிர்ச்சியற்ற நடையும் மாறிப்போன கருத்தும் என்றால், பதிவின் தலையில் தேதியிட்டு ஒரு குறிப்பு எழுதுங்கள்: ‘இது 2009இல் எழுதியது, இப்போது என் கருத்து வேறு.’ உங்கள் பதிவை நீக்கும்போது அதன் கீழிருக்கும் பின்னூட்டங்களும் சேர்ந்தே போகின்றன. அவை உங்களுடையவை மட்டும் அல்ல. கும்மியடித்த, அதாவது வெறும் அரட்டையான பின்னூட்டங்களை நான் சொல்லவில்லை. உங்கள் பதிவைத் திருத்தி, தன் ஊர் வழக்கு இப்படி என்று நாலு பத்தி எழுதிய வாசகரை நினைத்துச் சொல்கிறேன்.

என்ன எழுதுவது என்றே தெரியவில்லை.

மட்டுறுத்தலுக்கு, அதாவது நீங்கள் பார்த்து அனுமதிப்பதற்குக் காத்திருக்கும் பின்னூட்டங்களைத் திறந்து பாருங்கள். இந்த ஒன்றை மட்டும் எல்லோரிடமும் வலியுறுத்திச் சொல்கிறேன்.

என் பதிவில் எரிதங்களை (விளம்பரக் குப்பைகளை) நீக்கியபின் பதினொரு பின்னூட்டங்கள் எஞ்சியிருந்தன. அவற்றில் ஒன்று வெங்காய வடகத்தைப் பற்றி நான் 2010இல் எழுதிய பதிவுக்கு வந்தது. எங்கள் வீட்டில் சித்திரை வெயிலில் சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் இடித்து, உளுத்தம்பருப்பு, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள்தூள் சேர்த்துப் பிசறி, விளக்கெண்ணெய் தொட்டு உருண்டை பிடிப்பதை மிகுந்த பாசத்தோடு எழுதியிருந்தேன். ஆனால் அளவு எதையும் சொல்லவில்லை, எல்லாமே ‘கொஞ்சம்’. அதன் கீழே ஒரு வாசகி, ‘இரண்டு கிலோ வெங்காயத்துக்கு உளுந்து எவ்வளவு போட வேண்டும்? அம்மா இல்லை, கேட்க ஆள் இல்லை’ என்று எழுதியிருந்தார். அந்த வரி நான்கு ஆண்டுகளாக அங்கே காத்திருந்தது.

அத்தையைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். அவருக்கும் அளவு வாயால் சொல்ல வரவில்லை. ‘நீ வா, கையால எடுத்துக் காட்டுறேன், நீயே அளந்துக்க’ என்றார். அடுத்த சித்திரையில் போனேன். அவர் கையால் அள்ளிப் போட்ட ஒவ்வொன்றையும் சட்டிக்குப் போகும் முன் ஆழாக்கில் இட்டு அளந்து குறித்துக்கொண்டேன். இரண்டு கிலோ வெங்காயத்துக்கு ஓர் ஆழாக்கு உளுந்து வந்தது. முதல் நாள் பிசறி மூடிவைத்து, மறுநாள் காலையில் பிடித்து வெயிலில் வைப்பதும், மாலையில் உருண்டையை உதிர்த்து மீண்டும் பிடிப்பதும், முதல் இரண்டு நாள் வெயில் தவறினால் நாற்றம் எடுத்துவிடும் என்பதும் பழைய பதிவில் இல்லாத செய்திகள். ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு நான் எழுதிய முதல் பதிவு அதுதான். அது மறுபிரவேச அறிவிப்பாக இல்லாமல் ஒரு கேள்விக்கு விடையாக இருந்ததால், என்ன நடையில் தொடங்குவது என்ற தயக்கமே எழவில்லை. அந்த வாசகி அதைப் படித்தாரா என்று எனக்குத் தெரியாது. அவருடைய பின்னூட்டத்தை வெளியிட்டு, அதற்குக் கீழேயே புதிய பதிவின் சுட்டியையும் இட்டிருக்கிறேன்.

உங்கள் பெட்டியிலும் இப்படிப்பட்ட கேள்வி ஒன்றாவது இருக்கும். இல்லாவிட்டால் வரைவுகளைப் பாருங்கள். தலைப்பும் மூன்று வரியுமாக நின்றுபோன வரைவில், எழுத விரும்பியதன் காரணம் அந்த மூன்று வரியிலேயே இருக்கும்.

இப்போது வலைப்பதிவை யார் படிக்கிறார்கள்? பின்னூட்டமே வருவதில்லையே?

முன்புபோலப் பின்னூட்டம் வராது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அன்று திரட்டியின் முகப்பில் பதிவு ஏறிய பத்தாவது நிமிடத்தில் பின்னூட்டம் விழும். நூறு பின்னூட்டம் தாண்டிய பதிவுகள் சாதாரணம். பல தளங்களின் புதிய பதிவுகளை ஓரிடத்தில் காட்டிய கூகுள் ரீடர் 2013 ஜூலை 1ஆம் தேதியோடு நிறுத்தப்பட்டபோது ஓடை (ஃபீட்) வழியாகப் படிக்கும் பழக்கமே பலரிடம் விட்டுப்போயிற்று. 2021இல், புதிய பதிவுகளை வாசகர்களுக்கு அனுப்பிவந்த ஃபீட்பர்னரின் மின்னஞ்சல் சேவையும் நின்றது. அந்த வழியாகச் சந்தா சேர்ந்திருந்த வாசகர்களுக்கு நீங்கள் திரும்பி வந்த செய்தியே போகாது.

ஆகவே இரண்டு காரியங்கள் செய்யுங்கள். உங்கள் ஓடை இன்னும் செயல்படுகிறதா என்று பார்த்து, அதன் சுட்டியை முகப்பில் தெளிவாக வையுங்கள்; ஃபீட்லி, இனோரீடர் போன்றவற்றில் படிப்போர் இன்றும் இருக்கிறார்கள். அடுத்து, முன்பு உங்கள் பதிவில் தொடர்ந்து எழுதிய ஐந்தாறு பேருக்குத் தனித்தனியே மின்னஞ்சல் எழுதுங்கள். எல்லோருக்கும் ஒரே மடலை அனுப்பாமல், அவர் உங்கள் பதிவில் சொன்ன ஒன்றை நினைவுகூர்ந்து எழுதுங்கள். அவர்களில் இரண்டு பேர் படிக்கத் தொடங்கினால் எழுதும் கைக்கு அது போதும்.

முகநூலில் பல ஆண்டுகள் எழுதியவற்றைப் பதிவுக்குக் கொண்டுவரலாமா?

அவசியம் கொண்டுவாருங்கள். முகநூலில் எழுதியது மறுவாரமே தேடிக் கிடைப்பதில்லை. உங்கள் தரவு முழுவதையும் இறக்கிக்கொள்ளும் வசதியை முகநூலே தருகிறது. அதைக் கேட்கும்போது எச்.டி.எம்.எல் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். ஜேசன் வடிவத்தில் தமிழ் எழுத்துகள் ஒவ்வொன்றும் மூன்று மூன்று பொருளற்ற குறிகளாகச் சிதைந்து வருவது அறியப்பட்ட குறைபாடு. எல்லாவற்றையும் அப்படியே கொட்டிவிடாமல், அன்றைய சண்டைக்கு மட்டும் பொருந்தியவற்றை விட்டுவிட்டு, தனியே நிற்கக்கூடியவற்றை எடுங்கள். எழுதிய நாளையே பதிவின் தேதியாக இடுங்கள். பிளாகரிலும் வேர்ட்பிரஸ்ஸிலும் பின்தேதியிட முடியும். அப்படிச் செய்தால் உங்கள் இடைவெளி என்று நினைத்த ஆண்டுகளில் பலவும் நிரம்பிவிடும்.

எத்தனை நாளுக்கு ஒரு பதிவு எழுத வேண்டும்?

மாதம் ஒன்று. முடிந்தால் கூடுதலாக எழுதுங்கள், ஆனால் அதை யாருக்கும் வாக்களிக்க வேண்டாம்.

தட்டச்சு வேகம் போய்விட்டது. கைபேசியில் எழுதலாமா?

எழுதலாம். குரல்வழி உள்ளீடு இப்போது தமிழுக்கு நன்றாகவே வேலை செய்கிறது. பேசியதை முதல் படியாக வைத்துக்கொண்டு பிறகு திருத்தலாம். ஆனால் அது ஒற்றெழுத்துகளை விட்டுவிடும், ணகர னகரங்களையும் லகர ளகரங்களையும் இடம் மாற்றிப் போடும். திருத்தாமல் வெளியிட்டால் படிப்பவருக்கு முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். கணினியில் எழுதுவோர் தமிழ்99, அஞ்சல், பாமினி ஆகியவற்றில் அன்று பழகிய விசைப்பலகையையே மீண்டும் நிறுவிக்கொள்ளுங்கள். விரல்களுக்கு அந்தப் பழக்கம் ஒரு வாரத்தில் திரும்பிவிடும். புதிய முறையைக் கற்க இது நேரமல்ல.

மீண்டும் நின்றுபோனால்?

நின்றுபோகலாம். அதற்கு இப்போதே சில ஏற்பாடுகளைச் செய்துவையுங்கள். பின்னூட்டப் பெட்டியை மூடாமல், குறிப்பிட்ட நாள்களைக் கடந்த பதிவுகளுக்கு மட்டும் மட்டுறுத்தலை இயக்குங்கள். பிளாகரில் அதற்கான தெரிவு இருக்கிறது. பின்னூட்டம் வந்தால் அறிவிப்பு நீங்கள் அன்றாடம் பார்க்கும் மின்னஞ்சலுக்கு வரட்டும். காப்புநகலை ஆண்டுக்கு ஒருமுறை எடுத்து, வீட்டில் இன்னொருவரின் கணினியிலும் வையுங்கள். கூகுள் கணக்கில் செயலற்ற கணக்கு மேலாளர் என்ற அமைப்பு இருக்கிறது. நீண்ட காலம் நீங்கள் கணக்கைத் திறக்காவிட்டால் உங்கள் தரவு யாருக்குப் போக வேண்டும் என்பதை அதில் குறிப்பிடலாம். என்னுடையதில் என் தங்கையின் மின்னஞ்சலைக் கொடுத்திருக்கிறேன். வடகப் பதிவின் கீழ் யாராவது அளவு கேட்டால் அவளுக்கும் விடை தெரியும்.